வாங்கிய அவகாசம் எதற்குப் பயன்பட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொரோனாவைத் தம் எல்லைக்குள் அடியோடு ஒழித்துவிட முயன்ற நாடுகள் வீண்வேலையில் இறங்கின என்றும், கடைசியில் அந்நாட்டு மக்களுக்கும் தொற்று வந்தே தீர்ந்தது என்றும், ஆகவே முதல் நாளிலிருந்தே அதனுடன் வாழத் துணிந்தவர்களே விவேகிகள் என்றும் வாதிடும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நடுப்பக்கத்தில் அண்மையில் படித்தேன். வீண்வேலைக்கு முதல் எடுத்துக்காட்டாக அதில் நியூசிலாந்து சொல்லப்பட்டிருந்தது. நான் ஆக்லாந்தில் நீண்ட காலமாக வாழ்ந்துவரும், பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற தமிழன். மருத்துவம் படித்தவன் அல்லன். எனினும் அந்த ஆண்டுகளை இங்கிருந்தே கடந்தவன் என்ற முறையிலும், எண்களோடு பழகியவன் என்ற முறையிலும், கட்டுரையாளர் வந்தடைந்த முடிவு ஏன் பொருந்தாது என்பதைச் சற்று விரிவாக எழுத இடம் கேட்கிறேன்.

அவர் சொல்வதில் ஒரு பகுதியை மறுக்க முடியாது. 2022 மார்ச்சில் ஒமிக்ரான் அலை இங்கே உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. இன்று கொரோனா எட்டிப்பார்க்காத வீட்டை எங்கள் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் தொற்று வந்ததா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால், எப்போது வந்தது, வந்தபோது மருத்துவம் எதை அறிந்திருந்தது, உடல் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருந்தது என்பவையெல்லாம் கணக்கில் விடுபட்டுப்போகின்றன. 2020 மார்ச்சில் இத்தாலியின் பெர்கமோவில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்த முதியவருக்குப் போடத் தடுப்பூசி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து கடும் நோயாளிகளின் உயிரைக் காக்கும் என்பதுகூட அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பிரிட்டனில் நடந்த ஆய்வின் வழியே தெரியவந்தது. அதே வயதுடையவர் 2022 மார்ச்சில் ஆக்லாந்தில் தொற்றுக்கு ஆளானபோது, பெரும்பாலும் மூன்று தவணை ஊசி போட்டுக்கொண்டவராக இருந்தார்; வீட்டிலேயே படுத்திருந்து எழுந்தவர்களே மிகுதி. இருவருக்கும் வந்தது ஒரே நோய்தானே என்று எழுதுவது, வெள்ளம் வந்தபோது மேட்டில் ஏறி நின்றவனைப் பார்த்து, எப்படியும் இறங்கித்தானே ஆக வேண்டியிருந்தது என்று கேலி செய்வதற்கு ஒப்பாகும்.

நியூசிலாந்தில் முதல் தொற்று 2020 பிப்ரவரி 28 அன்று கண்டறியப்பட்டது. மார்ச் 19 அன்று, குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் தவிர்த்த பிறருக்கு எல்லை மூடப்பட்டது. மார்ச் 25 நள்ளிரவில் மிகக் கடுமையான நான்காம் நிலை ஊரடங்கு தொடங்கியபோது நாடு முழுவதற்குமாகத் தொற்றாளர்கள் ஏறத்தாழ 200 பேர்தாம். ஓர் உயிர்கூட அதுவரை போயிருக்கவில்லை. ஜூன் 8 அன்று, நோயில் இருந்த கடைசி நபரும் குணமடைந்துவிட்ட நிலையில், எல்லைக் கட்டுப்பாட்டைத் தவிர மற்றவை அனைத்தும் நீக்கப்பட்டன. அந்த முதல் அலையின் மொத்தக் கணக்கு 1,504 தொற்றுகள், 22 இறப்புகள். ஆகஸ்ட் 11 அன்று ஆக்லாந்தில் மீண்டும் தொற்று தென்படும்வரை 102 நாள்கள் சமூகப் பரவலே இல்லாமல் கழிந்தன. அந்தக் குழுமத் தொற்றையும் தேடிப் பிடித்து அடக்கினார்கள். 2021 ஆகஸ்டில் டெல்டா வந்து சேரும்வரை இந்த நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் 26 பேர்.

இதைப் பிரிட்டனோடு ஒப்பிட ஒரு வகுத்தல் கணக்கு போதும். 2021 ஜனவரி 26 அன்று பிரிட்டனில் இறப்பு எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது. அந்நாட்டின் மக்கள்தொகை எங்களைப்போல் ஏறக்குறைய 13 மடங்கு. அதே விகிதம் இங்கே நேர்ந்திருந்தால் 7,600 பேருக்கு மேல் அதற்குள் இறந்திருப்பார்கள். இறந்தவர்கள் 25 பேர். இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனிக்கத் தவறிவிட்டார். உயிரைக் காக்க வாழ்க்கையைப் பூட்டிவைத்தவர்கள் என்று எங்களைச் சொல்கிறார். ஆனால் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் பூட்டிக் கிடந்தது யார்? இங்கிலாந்து அந்த ஆண்டு மார்ச்சிலும் நவம்பரிலும், மறுபடியும் 2021 ஜனவரியிலும் நாடு தழுவிய ஊரடங்குக்குள் போனது. அதே மாதங்களில் இங்கே பள்ளிகள் நடந்தன, விளையாட்டரங்குகளில் முகக்கவசம் இல்லாத கூட்டம் நிரம்பி வழிந்தது, எங்கள் பகுதிக் கோயிலில் திருமணங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. ஒழிப்பு என்றால் ஊரடங்கு, உடன் வாழ்தல் என்றால் சுதந்திரம் என்ற சமன்பாடு முதல் ஆண்டைப் பொறுத்தவரை தலைகீழானது.

மார்ச் 25 என்ற தேதி இந்திய வாசகர்களுக்கும் நினைவிருக்கும். பிரதமர் அறிவித்த 21 நாள் ஊரடங்கு இந்தியாவில் தொடங்கியதும் அதே நாளில்தான். இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கதவை அடைத்தும் ஒன்றில் தொற்று அணைந்தது, மற்றதில் அணையவில்லை. இதற்குக் காரணம் மக்களின் ஒழுக்கக் குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இங்கே, வேலைக்குச் செல்ல முடியாத முழுநேரத் தொழிலாளி ஒருவருக்கு வாரத்துக்கு 585 டாலர் 80 சென்ட் வீதம் 12 வாரங்களுக்கான மானியத்தை அரசு முன்கூட்டியே முதலாளியின் கணக்கில் செலுத்தி, ஊதியம் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டது. அங்கே, நாள்கூலி நின்ற மறுநாளே லட்சக்கணக்கானோர் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு நெடுஞ்சாலைகளில் ஊர் நோக்கி நடந்தார்கள். வீட்டுக்குள் இரு என்று சொல்வதற்கு வீடு வேண்டும், இருக்கும் நாள்களுக்குச் சோறு வேண்டும். சென்னையில் ஊரடங்கு நடப்பில் இருந்தபோதே கோயம்பேடு சந்தை வழியாகத் தொற்று பல மாவட்டங்களுக்குப் போனதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான்கு பக்கமும் கடல், ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள், கடன் வாங்கியாவது கூலி கொடுக்கக்கூடிய கருவூலம் ஆகிய மூன்றும் அமைந்த நாட்டின் வழியை இந்தியா பின்பற்றியிருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அந்த மூன்றும் அமைந்திருந்தும் பின்பற்றாமல் விட்ட நாடுகளைப் பற்றியே என் கேள்வி.

இந்த விவாதத்தில் இரண்டு வேறுபட்ட இலக்குகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ஒரு கிருமியை உலகத்தை விட்டே அகற்றுவது ஒன்று; ஒரு நாட்டின் எல்லைக்குள் அதன் பரவலைச் சுழியத்தில் வைத்திருப்பது மற்றொன்று. முன்னதை மனித நோய்களில் இதுவரை பெரியம்மையில் மட்டுமே சாதித்திருக்கிறோம். இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் காணப்பட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் பேரவை 1980 மே 8 அன்று அந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தது. அது முடிந்ததற்குக் காரணங்கள் இருந்தன. பெரியம்மைக்கு விலங்குகளில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும். கிராமத்துச் சிறுவனிடம் படத்தைக் காட்டினால் நோயாளி இருக்கும் வீட்டை அடையாளம் சொல்லிவிடுவான். ஒரு முறை அம்மைப்பால் குத்திக்கொண்டால் பல ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. 2003-இல் வந்த சார்ஸ் நோயும், 8,098 பேரைத் தாக்கி 774 பேரைக் கொன்ற பிறகு, தடுப்பூசியே இல்லாமல் சில மாதங்களில் அடக்கப்பட்டது. ஏனெனில் அந்நோயாளிகள் காய்ச்சல் கண்டு சில நாள்கள் ஆன பிறகுதான் அதிகமாகப் பரப்பினார்கள். காய்ச்சல்காரரைத் தனிமைப்படுத்தியவுடன் சங்கிலி அறுந்தது.

கோவிட் கிருமிக்கு இந்தப் பலவீனங்கள் எவையும் இல்லை. அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்குகிறது. அறிகுறியே இல்லாதவர்களும் பரப்புகிறார்கள். டென்மார்க்கில், மென்மயிருக்காக வளர்க்கப்படும் மிங்க் என்ற விலங்கின் பண்ணைகளுக்குள் புகுந்தது. வட அமெரிக்காவில் வெண்வால் மான்களிடையே பரவியது. ஊசியாலும் தொற்றாலும் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் கடும் நோயைத் தடுப்பதில் நீடித்தாலும், தொற்றைத் தடுப்பதில் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுகிறது. ஆகவே இதை உலகத்தை விட்டு அகற்ற முடியாது என்பது 2021-ஆம் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலான வல்லுநர்களுக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து, நாட்டளவில் தடுத்து நிறுத்தியதும் வீண் என்ற முடிவுக்குத் தாவுவது தர்க்கப் பிழை. ஒழிப்பு முயற்சி அவகாசம் வாங்குவதற்கான வழி. வாங்கிய அவகாசத்தில் ஊசி வருமா என்பது 2020 மார்ச்சில் எவருக்கும் தெரியாது என்பதால், அது ஒரு பந்தயமும் கூட. டிசம்பரில் பிரிட்டனில் முதல் ஊசி போடப்பட்டபோது பந்தயம் வென்றது. ஒருவேளை ஊசி வராமலேயே போயிருந்தால், இதே கடிதத்தை நான் வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மற்ற பந்தயம் என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். முதியவர்களை மட்டும் தனியே காத்துக்கொண்டு, இளையவர்களிடையே தொற்றைப் பரவ விட்டால் மந்தை எதிர்ப்பாற்றல் உருவாகி நோய் தானே அடங்கும் என்று 2020 அக்டோபரில் அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் நகரில் கூடிய சில அறிஞர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். பிரேசிலின் மனாவுஸ் நகரம், யாரும் திட்டமிடாமலேயே, இந்தக் கருத்துக்குச் சோதனைக்களமாக ஆனது. அங்கே இரத்த தானம் செய்தவர்களின் மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், 2020 அக்டோபருக்குள் நகர மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தொற்றுக்கு ஆளாகிவிட்டதாக மதிப்பிட்டனர். கோட்பாட்டின்படி நோய் அத்துடன் அடங்கியிருக்க வேண்டும். 2021 ஜனவரியில் அதே நகரில் முதல் அலையைவிடக் கொடிய இரண்டாம் அலை எழுந்து, மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்துபோய், நோயாளிகள் மூச்சுமுட்டி இறந்தார்கள். காமா என்று பின்னர் பெயரிடப்பட்ட திரிபு அங்கிருந்தே கிளம்பியது. முதியவர்களைத் தனியே காப்பது என்பதும் எந்த நாட்டிலும் முழுமையாக நடக்கவில்லை. பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் உறங்கும் பாட்டியை எந்த அரசாணை கொண்டு பிரித்துவைப்பது?

எல்லையை மூடிக் காத்திருப்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1918-ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலின்போது பசிபிக் கடலில் அருகருகே இருந்த இரு சமோவாக்களுக்கு நேர்ந்ததை இந்தப் பகுதியில் வாழ்பவர்கள் மறக்கவில்லை. மேற்குச் சமோவா அப்போது நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்தது. ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட தலூன் என்ற கப்பல் நவம்பர் 7 அன்று நோயாளிகளோடு அப்பியா துறைமுகத்தை அடைந்தபோது, அது தடுத்து நிறுத்தப்படவில்லை. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது அத்தீவு மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல், இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைக் கடுமையாகத் தடுத்து வைத்தார். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒருவர்கூட இறக்கவில்லை. 2002-ஆம் ஆண்டில் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க், அந்தக் காலத்து ஆட்சியின் தவறுகளுக்காகச் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2020-இல் பசிபிக் தீவு நாடுகள் பல எங்களுக்கும் முன்பாக எல்லையை இறுக மூடியதற்குப் பின்னால் இந்த நினைவு இருந்தது.

இப்போது நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். 2022 மார்ச் மாதத்தில் இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் ஒமிக்ரானைச் சந்தித்தன: நியூசிலாந்தும் ஹாங்காங்கும். இரண்டும் அதுவரை இரண்டு ஆண்டுகள் தொற்றை வெளியே நிறுத்திவைத்ததில் பெயர் பெற்றவை. 2021 முடியும்போது ஹாங்காங்கில் மொத்த இறப்பு 200-ஐச் சற்றே தாண்டியிருந்தது. 74 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் நகரத்துக்கு அது வியக்கத்தக்க சாதனை. அங்கே 2021 பிப்ரவரி இறுதியிலிருந்தே தடுப்பூசி கிடைத்தது. ஒன்றுக்கு இரண்டு வகை கிடைத்தன. ஆனால் நகரத்தில் நோயே இல்லாதபோது ஊசி எதற்கு என்ற எண்ணமும், நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு ஊசியால் தீங்கு வரும் என்ற அச்சமும் சேர்ந்து, 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர், குறிப்பாக முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள், ஊசி போடாமலேயே இருந்துவிட்டார்கள். வெற்றியே அவர்களை அசட்டையாக வைத்திருந்தது. ஒமிக்ரான் புகுந்ததும் குளிர்கால இரவில் மருத்துவமனை வாசலில் கட்டில்களை வரிசையாகப் போட்டு முதியவர்களைக் கிடத்த வேண்டியதாயிற்று. ஏப்ரல் முடிவதற்குள் 9,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மக்கள்தொகை விகிதப்படி அந்த வாரங்களில் உலகிலேயே மிக அதிகமான இறப்பு அதுதான்.

நியூசிலாந்தில் அதே ஏப்ரல் இறுதிவரை, பெருந்தொற்றின் தொடக்கத்திலிருந்து கூட்டினாலும், இறப்பு ஆயிரத்தை எட்டவில்லை. கிருமி அதேதான், காலமும் அதேதான், முந்தைய தொற்றால் கிடைத்த எதிர்ப்பாற்றல் இரண்டு இடங்களிலும் இல்லாததும் அதேதான். வேறுபட்டது முதியவர்களின் தோளில் ஏறிய ஊசி. 65 வயதைக் கடந்தவர்களில் இங்கே ஏறக்குறைய அனைவருமே இரண்டு தவணையை முடித்திருந்தார்கள். பெரும்பாலோர் பூஸ்டரும் போட்டிருந்தார்கள். ஆகையால் ஒழிப்பதா, உடன் வாழ்வதா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு நாடுகளை இரண்டு வரிசையில் நிற்கவைப்பதால் பயனில்லை என்பது என் கருத்து. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எந்த நாளில் மாறினார்கள், மாறுவதற்கு முன் யாருக்கு ஊசி போட்டு முடித்திருந்தார்கள் என்று கேட்டால்தான் உயிர்களின் கணக்குப் புரியும்.

சீனா இந்தக் கேள்வியில் இன்னும் மோசமாகத் தோற்றது. 2020-இல் வூஹானை 76 நாள்கள் மூடி அது பெற்ற பலன் பெரிது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழிந்தும், ஷாங்காய் போன்ற மாநகரத்தை 2022-இல் இரண்டு மாதம் அடைத்துவைத்தும், தினந்தோறும் கோடிக்கணக்கானோருக்குப் பரிசோதனை செய்வதில் காட்டிய முனைப்பை முதியவர்களுக்குப் பூஸ்டர் போடுவதில் காட்டவில்லை. நவம்பரில் உரும்சியில் அடுக்குமாடித் தீவிபத்தில் 10 பேர் இறந்து, பல நகரங்களில் இளைஞர்கள் வெற்று வெள்ளைத்தாளை ஏந்தித் தெருவுக்கு வந்த பிறகு, டிசம்பர் 7 அன்று கட்டுப்பாடுகள் ஏறக்குறைய ஒரே நாளில் தளர்த்தப்பட்டன. அன்று 80 வயதைக் கடந்தவர்களில் பாதிப்பேர்கூடப் பூஸ்டர் போட்டிருக்கவில்லை. ஏறத்தாழ ஐந்து வாரங்களில் மருத்துவமனைகளில் மட்டும் 60 ஆயிரம் பேர் இறந்ததாக அரசே சொன்னது. உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்பதே பெரும்பாலோர் மதிப்பீடு.

நியூசிலாந்து குறையே இல்லாத பள்ளிப்பிள்ளை என்று காட்டுவது என் நோக்கமில்லை. 2021 ஆகஸ்ட் 17 அன்று ஒரே ஒரு டெல்டா தொற்றுக்காக நாடு முழுவதும் மறுபடி ஊரடங்குக்குள் போனபோது, மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் இரண்டு தவணை முடித்திருந்தார். வளர்ந்த நாடுகளுக்குள் மிகப் பின்தங்கிய இடங்களில் ஒன்று அது. நோய் இல்லையே என்ற நிம்மதி ஹாங்காங்கை மட்டும் தாலாட்டவில்லை. ஆக்லாந்து மக்களாகிய நாங்கள் 107 நாள்கள் அடைபட்டுக் கிடந்தது அந்தத் தாமதத்துக்குக் கொடுத்த விலைதான். அக்டோபர் 4 அன்று பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் ஒழிப்புக் கொள்கையிலிருந்து படிப்படியாக விலகப்போவதாக அறிவித்தார். அதற்குப் பிறகுதான் ஊசித் திட்டத்துக்கு உண்மையான வேகம் வந்தது. அக்டோபர் 16 அன்று ஒரே நாளில் 1 லட்சத்து 30 ஆயிரம் ஊசிகள் போடப்பட்டன. டிசம்பருக்குள் 12 வயதுக்கு மேற்பட்டோரில் 90 விழுக்காட்டினர் இரண்டு தவணை முடித்தார்கள். இதே வேகம் மே மாதத்தில் இருந்திருந்தால் என்று இன்றும் எண்ணத் தோன்றுகிறது. வயது வரிசைப்படி ஊசி போட்டதில், இளையவர்கள் மிகுதியாக உள்ள இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பின்தங்கினார்கள் என்பதையும், அவர்களின் உரிமை முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் அந்த ஆண்டு இறுதியிலேயே சுட்டிக்காட்டியது.

எல்லைக்கு வெளியே சிக்கிக்கொண்ட சொந்தக் குடிமக்களின் கதை அதைவிட வருத்தமானது. தனிமைப்படுத்தும் விடுதிகளில் அறை குறைவு, திரும்பி வர விரும்பியோர் ஏராளம். அறைகளைக் கணினிக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். தந்தையின் இறுதிச்சடங்குக்கு வர வேண்டியவரும், விடுமுறைக்கு வருபவரும் ஒரே வரிசையில் எண் எடுத்துக் காத்திருந்தார்கள். அந்த முறை குடிமக்கள் தாய்நாட்டுக்குத் திரும்பும் உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்தியது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெருந்தொற்றுக் காலத்தை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட முதல் அறிக்கை, ஒழிப்புக் கொள்கை உயிர்களைக் காத்ததை ஏற்றுக்கொண்டது. அதே மூச்சில், சில கட்டாய ஊசி ஆணைகள் தேவைக்கு மேல் விரிந்தும் நீண்டும் போனதால் மக்களின் நம்பிக்கை சிதைந்தது என்றும் பதிவு செய்தது. 2022 தொடக்கத்தில் வெலிங்டனில் நாடாளுமன்ற வளாகத்தை மூன்று வாரங்களுக்கும் மேலாக ஆக்கிரமித்து நின்றவர்களின் கோபத்தில் பொய்ப் பிரசாரம் ஒரு பங்கு, இந்த நீட்சி ஒரு பங்கு என்பது என் கணிப்பு.

தமிழ் வாசகர்கள் மறக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூரின் கட்டுப்பாட்டைப் பலரும் மெச்சுவார்கள்; 2021 ஆகஸ்டுக்குள் மக்களில் 80 விழுக்காட்டினருக்கு ஊசி போட்டுவிட்டு, பிறகே உடன் வாழும் கொள்கைக்கு மாறியதால் அது முன்மாதிரி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் 2020-இல் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கட்டடத் தொழிலாளர்கள் பலர் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராக அடைந்து கிடந்த தங்குவிடுதிகளில், அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அரசே கணக்கிட்டது. வயதில் இளையவர்கள் என்பதால் இறப்பு மிகக் குறைவு. ஆயினும் நகரம் கடைத்தெருக்களுக்கும் உணவகங்களுக்கும் திரும்பிய பிறகும், 2022 வரை, விடுதியை விட்டு வெளியே போக அவர்கள் அனுமதி கேட்டு நின்றார்கள். ஒரு நாடு தொற்றை அடக்கியது என்று சொல்லும்போது, அடக்குவதற்கான சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்டுரையாளர் சுவீடனைத் தம் பக்கச் சாட்சியாக நிறுத்துகிறார். முதல் ஆண்டில் அங்கே இறந்தவர்கள் நார்வே, பின்லாந்தைக் காட்டிலும் பல மடங்கு, அதிலும் முதியோர் இல்லங்களில் இறந்தவர்களே பெரும் பங்கு. பின்னர் பல ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் சுவீடனின் நிலை ஐரோப்பாவில் நன்றாகவே தெரிகிறது என்பதும் சரிதான். அது தன்னிச்சையாக ஒதுங்கி வாழக்கூடிய வீடுகளும், சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பும், ஊசியை மறுக்காத முதியவர்களும் உள்ள நாடு. அதை எடுத்துக்காட்டி வேறு எங்கும் கதவைத் திறந்து விடச் சொல்வது பொருந்தாது.

உடன் வாழ்வது என்பதையும் பலர் மறந்துவிடுவது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உடன் வாழ்வதற்குச் செலவு உண்டு. இங்கே 2021 ஜூலையில் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை ஆண்டுக்கு 5 நாளிலிருந்து 10 நாளாக உயர்த்தினார்கள். காய்ச்சலோடு கடையில் நிற்பவர் வீட்டுக்குப் போவதற்கு அறிவுரையைவிட இதுவே உதவும். கழிவுநீரில் கிருமியின் அளவைத் தொடர்ந்து பார்ப்பது, வகுப்பறைகளின் காற்றோட்டத்தை அளப்பது, முதியவர்களுக்கு ஆண்டுதோறும் ஊசியைக் கேட்டுக் கேட்டுப் போடுவது போன்ற வேலைகளுக்குச் செய்தித்தாளில் தலைப்பு கிடைக்காது. இடையில் ஒரு விந்தை: கோவிட்டை அகற்ற முடியாத அந்த முகக்கவசங்களும் ஊரடங்குகளும், யாரும் குறிவைக்காத மற்றொரு கிருமியை அகற்றிவிட்டதாகத் தெரிகிறது. இன்ஃப்ளூயன்சா 'பி' வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. காய்ச்சல் தடுப்பூசியிலிருந்தே அதை இப்போது நீக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பறவைக்காய்ச்சல் கிருமியான எச்5என்1, 2024-இல் அமெரிக்காவின் கறவை மாடுகளுக்குள் புகுந்திருக்கும் நிலையில், இந்த விவாதம் பழங்கதை ஆகிவிடவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் ஆற்றலை அது இன்னும் பெறவில்லை. பெறுமானால், எல்லையை மூடுவதா என்பதைச் சில நாள்களுக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஊசி வந்த பிறகு யாருக்கு முதலில், எவ்வளவு விரைவில் என்பதை முன்பே முடிவு செய்துவைத்திருக்கலாம். குழந்தைகளுக்கு ஊசி போடுவதில் இந்தியாவுக்கு, அதிலும் தமிழ்நாட்டுக்கு, இணை குறைவு. வீடு வீடாகச் சென்று சொட்டுமருந்து கொடுத்தே 2011-க்குப் பிறகு இயற்கையான போலியோ கிருமியால் நோயுற்றவர் ஒருவரும் இல்லாத நாடாக இந்தியா ஆனது. ஆனால் 70 வயது முதியவருக்கு ஆண்டுக்கொருமுறை ஊசி போடும் வழக்கமோ, அதற்கான பதிவேடோ கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேரூன்றவில்லை. கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் இருக்கும் தாய் சேய் பதிவேட்டைப் போல், அறுபதைக் கடந்தவர்களுக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வலியுறுத்தினால் மகிழ்வேன். எந்தக் கொள்கையை அரசு தேர்ந்தெடுத்தாலும் அந்தப் பதிவேடு தேவைப்படும்.

கடிதம் நீண்டுவிட்டதை அறிவேன். இடம் போதாது என்றால் மற்றவற்றை நீக்கிவிட்டு, ஹாங்காங்கையும் நியூசிலாந்தையும் ஒப்பிட்டு எழுதிய இரண்டு பத்திகளை மட்டுமாவது எண்களைச் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆக்லாந்து, நியூசிலாந்து